குருபோங் வீட்டுச் சுவரில் ஒரு பனி ஏரி

தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணமான புதிதில், குருபோங்கில் ஒரு வாடகை வீட்டுக்குக் குடிபோனோம். முன்கூடத்தில் ஒரு சுவர் மட்டும் மொட்டையாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் சுவர் முழுக்க ஒட்டும் பெரிய படம் ஒன்றைத் துண்டுகளாகச் சுருட்டி வாங்கி வந்தார். ஏதோ குளிர்தேசத்தில், சாலைகூடப் போகாத உயரத்தில் ஓர் ஏரி. சுற்றிலும் பனிச் சிகரங்கள். அத்தனையும் தண்ணீரில் அப்படியே தெரிந்தன.

"ஐஸ் பெட்டிக்குள்ள குடியிருக்கிற மாதிரி இருக்கும் பாரு," என்றார்.

பசை கரைத்து ஒட்ட ஆரம்பித்தோம். வியர்வையில் சட்டையைக் கழற்றியிருந்த அவர் முதுகில் ஒரு சிகரம் ஒட்டிக்கொண்டது. அதை உரித்தெடுப்பதற்குள் சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது.

முடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் கூத்தைக் கேட்டு எதிர்வீட்டு அக்கா வந்தார். வெகுநேரம் படத்தையே பார்த்தார்.

"நல்லா இருக்குலா. ஆனா மலை ஏன் நெளியுது?"

அப்போதுதான் கவனித்தோம். மேலேயிருந்த சிகரங்களில் சிற்றலை ஓடியது. கீழே, தண்ணீர் என்று நாங்கள் நினைத்த இடத்தில், கரையோரத்து ஆடு ஒன்று நான்கு கால்களையும் வானத்துக்குத் தூக்கி நின்றது. முதல் துண்டைத் தலைகீழாக வைத்துவிட்டோம். மற்றவையும் அதோடு பொருந்தியே வந்துவிட்டன.

"என்னாங்க, உரிச்சிடலாமா?"

அவர் ஓர் ஓரத்தை இழுத்தார். சுவர்ச் சாயமும் சேர்ந்து வந்தது. சட்டென்று விட்டுவிட்டு, சோபாவில் மல்லாந்து படுத்து, தலையைக் கீழே தொங்கவிட்டார்.

"இங்க வா. இப்படிப் பாத்தா சரியா இருக்கு."

நானும் பக்கத்தில் படுத்துத் தலையைத் தொங்கவிட்டேன். ரத்தம் முகத்துக்கு ஏறியது. ஏரி நிமிர்ந்தது. அசையாத, கண்ணைப் பறிக்கும் நீலம். சிகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. கொஞ்சம் நழுவினால் உள்ளே விழுந்துவிடுவேன் என்று தோன்ற, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அக்காவும் கைலியை இழுத்துச் செருகிக்கொண்டு எங்களோடு படுத்தார்.

"எனக்குத் தல சுத்துதுமா."

"மலைக்கு வந்தா அப்படித்தான் இருக்கும்கா," என்றார் என் கணவர்.

மூவரும் எழுந்திருக்க முடியாமல் சிரித்தோம்.

மறுநாள் செங்கில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில், கூட வேலை செய்த பெண்களிடம் இதைச் சொன்னேன். வேலை முடிந்து வீடு திரும்பும்போது கம்பெனி வேன் எங்கள் வாசலிலேயே நின்றுவிட்டது. பெண்கள் முறைவைத்து சோபாவில் படுத்து எழுந்தார்கள். வெளியே ஹார்ன் அடித்து அலுத்துப்போன டிரைவர் அண்ணனும் கடைசியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.