தேசம்மா அக்கா மாடியில் காற்றை அளக்கிறோம்

சென்னை, கெய்ரோ, மெக்சிகோ நகரக் காற்று மாசை மூன்று நாட்டுக்காரர்கள் சேர்ந்து ஆராய்கிறோம். நகரத்துக்குள் வருமுன் காற்று எப்படியிருக்கிறது என்று தெரிய வெளியேயும் ஒரு கருவி வேண்டும்.

அதற்காக இன்று பழவேற்காட்டில், மீன் விற்கும் தேசம்மா அக்காவின் மாடியைக் கேட்டேன்.

"பொகை மெட்ராஸ்லதான கீது? இங்க இன்னாத்துக்கு மெஷினு? வேணாம்பா."

கிளம்பும்போது எங்கள் குழுவின் கெய்ரோ பெண் ஆய்வாளரின் வீடியோ அழைப்பு வந்தது. அவர் மடியில் மகள்; அவள் முகத்தில் மூச்சுத்திணறலுக்கு மருந்து தரும் நெபுலைசர்.

அக்கா எட்டிப் பார்த்தார். "வீசிங்கா?"

"ஆமாக்கா."

"எம் பொண்ணும் மெட்ராஸ்ல வாக்கப்பட்டதுலேர்ந்து இத்ததான் வச்சிக்கினு கீறா." மாடிப்படியைக் காட்டினார். "சரி, மாட்டிக்கோ. கொழந்தய நல்லா பாத்துக்க சொல்லு."

சொன்னேன். கெய்ரோ அம்மாள் கும்பிட்டார்.

மாலையிலிருந்து கருவி ஓடுகிறது.

அடுத்து டாக்காவையும் ஆய்வில் சேர்க்கிறோம். அங்கே மாடி வைத்திருக்கும் அக்கா யாரையாவது தெரியுமா, நண்பர்களே?