எருது நின்ற எட்டுக் கட்டம்

நாங்கள் நடத்தியது கையெழுத்துப் பத்திரிகை. மாதம் இரண்டு இதழ், இதழுக்கு ஒரே பிரதி. திருத்தணியில் ஏழெட்டு வீடு சுற்றிவிட்டு, பஸ் ஏறி ஆர்.கே.பேட்டை போய், அங்கே ஒரு நெசவு வீட்டில் அதன் பயணம் முடியும். நண்பர்கள் கவிதை எழுதினார்கள், யுத்தச் செய்திகளுக்கு வியாக்கியானம் எழுதினார்கள். நான் படக்கதை போட்டேன்.

பகலில் எனக்குப் பத்திரம் எழுதுகிற வேலை. கிழக்கே கிணறு, மேற்கே வண்டிப்பாதை என்று நான்கு எல்லையும் சொல்லாமல் ஒரு துண்டு நிலத்தைக்கூடக் கைமாற்ற முடியாது. அந்தப் பழக்கம்தான் எனக்குக் கட்டம் போடக் கற்றுக்கொடுத்தது. நான்கு கோடு, உள்ளே ஒரு நிமிஷம். கோட்டுக்கு வெளியே நடப்பதைப் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

காகிதத்துக்குப் பஞ்சம். படம் போடும் அளவுக்குத் தடித்த தாள் கடைகளில் கண்ணிலேயே படவில்லை. அந்த நெசவு வீட்டு அம்மாதான் கொடுத்துக்கொண்டிருந்தார்: நூல் சிப்பத்தைச் சுற்றி வருகிற பழுப்புத் தாள். பிரித்து விரித்தால் மடிப்புகள் தாமாகவே எட்டுப் பங்கு பிரித்து வைத்திருக்கும். நான் அந்த மடிப்பு மேலேயே கோடு இழுத்துவிடுவேன். கறுப்புக்குப் பத்திர மை, வெளுப்புக்குக் கரைத்த சுண்ணாம்பு. அந்த அம்மாவுக்கு எழுத்து தெரியாது. படங்களை மட்டும் பார்ப்பார். பார்த்து முடித்து, அடுத்த இதழுக்கு ஒரு தாள் கொடுத்தனுப்புவார். அந்தத் தாள் வந்தால் கதை உண்டு, வராவிட்டால் இல்லை.

கதை இதுதான். சந்தைக்கு வந்த இடத்தில் ஒரு குடியானவன் எருதைப் பறிகொடுக்கிறான். ஊர் ஊராகத் தேடிப் போகிறான். இதழுக்கு ஓர் ஊர், ஊருக்கு ஓர் ஏமாற்றம், எட்டாவது கட்டத்தில் ஒரு திருப்பம். அந்தத் திருப்பங்களில் எனக்கு ஏகப்பட்ட கர்வம்.

பிரதியைக் கொண்டுபோகிறவர் என் தமக்கையின் கணவர். நாங்கள் பாவா என்று கூப்பிடுவோம். அந்த வழி பஸ்ஸில் கண்டக்டர். பெட்ரோல் கிடைக்காத நாள்கள் அவை. பஸ்ஸின் முதுகில் கரி உலை கட்டியிருக்கும்; அதன் வாயுவில்தான் வண்டி ஓடும். மேடு வந்தால் வண்டி மூச்சு வாங்கி நின்றுவிடும். டிரைவர் இறங்கி உலையைக் கிளறுவார். ஜனங்கள் வெயிலில் வேகுவார்கள். அப்போது பாவா என் கதையைப் பிரித்து, நடித்தே காட்டிவிடுவார்.

ஒரு நாள் தாள் வரவில்லை. நானே போனேன். அந்த அம்மா ராட்டையை நிறுத்தவில்லை, நூல் சுற்றிக்கொண்டே பேசினார்.

“பேப்பர் இருக்குது தம்பி. எதுக்குக் குடுக்கணும்னு கேக்கறேன். உங்க பாவா பஸ்ஸுல சொல்லிகினு வரார். எறங்கின ஆளு எங்க தெருவுல சொல்லிகினு போறான். புஸ்தகம் வந்து சேர்றதுக்குள்ள கதை பழசாப் போவுது. அப்பால படத்தைப் பார்த்து நான் என்ன பண்றது?”

ஒரே ஒரு தாள் எடுத்து நீட்டினார். இதுவும் அப்படியே இருந்தால் இனிமேல் மளிகைக்காரனுக்குப் பொட்டலம் கட்டக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். மிரட்டலாகச் சொல்லவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

பாவாவிடம் வாயை மூடிக்கொண்டு வரச் சொன்னேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

“அரை மணி நேரம் வண்டி மேட்டுல நிக்குது மச்சான். ஜனங்க என்னைத் திட்டாம இருக்கிறதே உன் கதையாலதான். அதையும் புடுங்கிக்கிறியா?”

இதைக் கேட்டுவிட்டு எப்படிக் கோபப்படுவது? உறையில் போட்டு ஒட்டி அனுப்பலாமா, வேறு ஆள் பார்க்கலாமா என்றெல்லாம் யோசித்தேன். இரண்டு நாள் பத்திரம் எழுதும்போதும் அதே யோசனை. மூன்றாம் நாள் காலை, மலைப் படியில் இறங்கும்போது பிடிபட்டது. பாவா திருடவில்லை. தூக்கிக்கொண்டு போக வசதியாக நானேதான் கட்டிக் கொடுத்திருக்கிறேன். என் கதை முழுக்க ‘அப்புறம்’. அப்புறம் என்ன, அப்புறம் என்ன. அதை எந்த வாயும் சுமந்துவிடும். காத்திருப்பதை எந்த வாய் சுமக்கும்?

உட்கார்ந்தேன். ஒரு தாள், எட்டுக் கட்டம். ஒரு வார்த்தை எழுதவில்லை.

யாரோ ஒருவரின் கொல்லை. கட்டுத்தறியில் எருது. குடியானவன் வாசற்படியருகே தலை குனிந்து நிற்கிறான். கூப்பிட்டு, அது திரும்பாவிட்டால்? அது அவனுடையது இல்லை என்று ஆகிவிடும். அந்தப் பயத்தில் கால் கட்டைவிரலால் மண்ணைக் கீறுகிறான். மூன்றாவது கட்டத்தில் எருது அசை போடுகிறது. நான்காவதிலும் அதே எருது, அதே அசை. ஐந்தாவதில் தாடை நின்றிருக்கிறது. ஆறாவதில் ஒரு காது மட்டும் திரும்பியிருக்கிறது. ஏழாவதில் தும்புக்கயிறு விறைத்திருக்கிறது. எட்டாவதில் அவன் முதுகு. இன்னும் நிமிரவில்லை. கடைசியில் ஒரு சொல் போடக் கை துடித்தது. பேனாவைக் கழுவி வைத்துவிட்டேன். நன்றாக வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி நடிக்க இன்றைக்கும் எனக்கு வராது.

அந்தத் தடவை நானும் பஸ் ஏறினேன். கிருத்திகை முடிந்து திரும்புகிற கூட்டம், மொட்டைத் தலைகளும் சந்தனமும். மேட்டில் வண்டி நின்றது. பாவா பிரித்தார். புரட்டினார். பின்பக்கமும் பார்த்தார்.

“மாடு கெடைச்சுதா கண்டக்டரே?” என்றார் ஒரு பெரியவர்.

“மாடு நிக்குது.”

“ஆங். அப்புறம்?”

“அப்புறமும் நிக்குது.”

பஸ்ஸே சிரித்தது. பாவா என் நெற்றியில் புறங்கையை வைத்து, “ஜுரமா மச்சான்?” என்றார். நானும் சிரித்துக்கொண்டேன்.

சேதி எனக்கு முன்னால் தெருவுக்குப் போய்விட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மா, “மாடு நிக்குதாமே” என்று கேட்டுக்கொண்டே கையைப் புடவையில் துடைத்து வாங்கினார். விரல் முதல் கட்டத்தில் இறங்கியது. இரண்டாவது, மூன்றாவது. நான்காவதில் நின்றது. மூன்றாவதற்குத் திரும்பிப் போனது. இரண்டையும் ஒப்பிட்டது. தறியிலிருந்து அவர் வீட்டுக்காரர் ஏதோ கேட்டார். விரல் ஐந்துக்கு வந்தது, ஆறுக்கு வந்தது. காதின் மேல் சுண்ணாம்பு அழிந்துவிடாதபடி ஓரமாகவே தங்கியது. ஏழு, எட்டு.

“அதுக்குத் தெரிஞ்சுபோச்சு,” என்றார். “இவன்தான் இன்னும் நிமிர்ந்து பார்க்கலை.”

“ஆங்,” என்றேன்.

“இதை யாரும் எனக்குச் சொல்லலையே.”

உள்ளே போய், ஒன்று கேட்க வந்தவனுக்கு ஆறு தாள் கொண்டுவந்து கொடுத்தார். அவனை அவசரப்பட்டுக் கூப்பிட வைத்துவிடாதே தம்பி, இன்னும் கொஞ்ச நாள் நிற்கட்டும் என்று வாசல் வரை வந்து சொன்னார்.

நான் கேட்கவில்லை. அடுத்த இதழில் இரண்டாவது கட்டத்திலேயே அவன் கூப்பிட்டான். மீதி ஆறு கட்டமும் எருது கயிற்றை அறுத்துக்கொண்டு வேலி, வாய்க்கால், வைக்கோல் போர் எல்லாவற்றையும் தாண்டி அவனை நோக்கி ஓடியது. இத்தனை நேரம் நிற்க வைத்ததே அந்த ஓட்டத்துக்காகத்தான். அந்த அம்மா என்னை நன்றாகத் திட்டினாராம், பாவா வந்து சந்தோஷமாகச் சொன்னார். தாள் மட்டும் நிற்கவில்லை.