டிங்கர் சோலையும் சிவப்புக் காரும்

அருப்புக்கோட்டையில் திருச்சுழி ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் டிங்கர் சோலைக்கு ஊரில் நல்ல பெயர், வீட்டில் கெட்ட பெயர். நொறுங்கிய வண்டியை அவனிடம் விட்டால் போதும், எங்கே அடிபட்டது என்று வண்டிக்காரனே தேடும்படி தட்டி நிமிர்த்திக் கொடுத்துவிடுவான். பரளச்சியில் இருக்கிற அம்மா குருவம்மாளுக்கு மட்டும் அவன் கையைக் கண்டால் ஆகாது.

எட்டு வயதில், ஐந்து வயதுத் தங்கச்சி தங்கமாரியைக் கையில் பிடித்துக்கொண்டு தோட்டத்தில் நின்ற அப்பாவுக்கு, அவன் வாயில் அய்யாவுக்கு, கஞ்சி கொண்டுபோனான் சோலை. ரோட்டைத் தாண்டும்போது வண்டி அடித்துத் தங்கமாரி அங்கேயே செத்தாள். இவன் கையை விட்டதால்தான் அவள் செத்தாள் என்று குடும்பம் தீர்ப்பு எழுதிவிட்டது. எட்டு வயதுப் பையன் எங்கே போய் அப்பீல் செய்வான்?

கல்யாணமாகாமல் செத்த பெண்பிள்ளை அந்தப் பக்கத்தில் வீட்டுக்குச் சாமி. தங்கமாரிக்கும் வீட்டு மூலையில் ஓர் ஓலைப்பெட்டி உண்டு. தை மாதம் பழைய பாவாடை சட்டையை எடுத்துவிட்டுப் புதுத்துணியும் வளையலும் வைத்துக் கும்பிடுவார்கள். உடன்பிறந்தவன்தான் துணி வைக்க வேண்டும் என்பது வழக்கம். ஆனால் குருவம்மாள், சோலையின் சித்தப்பா மகன் நல்லகண்ணுவைக் கூப்பிட்டு வைக்கச் சொல்வாள். சோலை டவுனில் துணி எடுத்துக் கொடுப்பதோடு சரி. "கைய விட்ட பய பெட்டியத் தொடக்கூடாது" என்று அவன் பெண்டாட்டி பிள்ளைகள் முன்னாலேயே சொல்வாள். ஒரே ஒரு தை மாதம் தன் கையால் அந்தத் துணியை வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான் சோலையின் ஆசை. வேறு எதற்கும் அவன் யாரிடமும் கெஞ்சியதில்லை.

இன்னொன்றும் உண்டு. தங்கமாரி செத்த அன்று, அடித்தது ஒரு செவப்புக் காரு என்று அவன் சொன்னான். அய்யா செவிட்டில் ஓர் அறை விட்டு, "லாரிடா" என்றார். மறுபடியும் காரு என்றான், மறுபடியும் அறை விழுந்தது. மூன்றாவது அறைக்கு அவனுக்கும் லாரியாகத்தான் தெரிந்தது. போலீஸ்காரர் வந்து கேட்டபோது லாரி என்று ஒழுங்காக ஒப்பித்தான்.

இப்படியே நாற்பத்தோரு வருடம் ஓடிவிட்டது. அய்யாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். போன ஆடியில் மதுரையிலிருந்து கார்த்தீஸ்வரன் ஒரு காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து பட்டறையில் இறக்கினார். பழைய கார் சேர்க்கிற பைத்தியம் அவருக்கு. இரண்டே கதவு, பின்பக்கம் சரிந்து இறங்கும் கூரை, 1962-இல் இத்தாலியில் செய்த ரேஸ் ரக வண்டி. இந்தியாவுக்கே இதுபோல மூன்றோ நாலோதான் வந்தன என்றார். மல்லாங்கிணறு பக்கம் ஒரு குடோனில் பருத்தி மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்ததாம், எலிகள் சீட்டைத் தின்று முடித்திருந்தன.

"அண்ணே, வண்டியும் ரெடியாகணும், இது யார் யார் கையில இருந்துச்சுங்கிற வரலாறும் வேணும். கண்காட்சியில அதத்தான் மொதல்ல கேப்பாங்க" என்று சொல்லி, டேஷ்போர்டுக்குள் இருந்த ஆர்.சி. புக்கையும் கொடுத்துவிட்டுப் போனார்.

சோலை பெயிண்டைச் சுரண்ட ஆரம்பித்தான். மேலே நீலம், அதற்குக் கீழே வெள்ளை, அதற்கும் கீழே சிவப்பு. கதவு, டிக்கி, கூரை எல்லாவற்றிலும் இதே வரிசை. இடது முன் மட்கார்டில் மட்டும் வெள்ளைக்குக் கீழே சிவப்பைக் காணோம். காந்தத்தை வைத்தான், ஒட்டாமல் கீழே விழுந்தது. அந்தக் காலத்து டிங்கர்கள் பட்டிப் பசைக்குப் பதிலாக ஈயத்தைக் காய்ச்சித்தான் பள்ளத்தை நிரப்புவார்கள், ஈயத்தில் காந்தம் ஒட்டாது. அப்படியானால் கார் சிவப்பாக இருந்தபோது அந்த இடம் அடிபட்டிருக்கிறது, அடைத்த கையோடு முழுவண்டிக்கும் வெள்ளை அடித்திருக்கிறார்கள். கையைக் கழுவிவிட்டு ஆர்.சி. புக்கை எடுத்தான்.

முதல் ஆள் மெட்ராஸ்காரர். இரண்டாவது ஆள் அருப்புக்கோட்டை ஜெகதீஸ்வரன், பஞ்சு அரவை மில் முதலாளி, ஏழு வருடம் வைத்திருந்தார். அதற்குப் பிறகு ஒன்றரை வருடத்துக்குள் தென்காசி, நாகர்கோவில், தஞ்சாவூர் என்று மூன்று கை மாறியிருந்தது. ஜெகதீஸ்வரன் பெயரிலிருந்து மாறிய தேதி 1983 ஆகஸ்ட் 22. தங்கமாரி செத்து ஒன்பதாம் நாள்.

தென்காசிக்காரரின் மகனைத் தேடிப் பிடித்துப் போனில் கேட்டான். "எங்கப்பா மூணு மாசந்தான் வச்சிருந்தாக. தண்ணி வெலைக்குக் குடுத்தாகளாம். அருப்புக்கோட்டப் பக்கம் ஓட்டவே கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிக்கிட்டாகளாம்" என்றார் அவர்.

ஜெகதீஸ்வரன் இன்னும் உயிரோடுதான் இருந்தார். வயது எண்பத்து நாலு. மில்லை மூடியாயிற்று, மகன்கள் அமெரிக்கா போயாயிற்று. அவர் வீட்டுக்குப் போய்க் காரின் போட்டோவை சோலை செல்போனில் காட்டியதும் கிழவருக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கமாரியை நினைத்துத்தான் என்று சோலை ஒரு நிமிடம் ஏமாந்தே போனான்.

"என் தங்கம்! எங்கடா கெடந்த இம்புட்டு நாளும்?" என்று போட்டோவைத் தடவினார். "தம்பி, எடது பக்கத்து லைட்டு மட்டும் ஒரிஜினல் இல்ல. பம்பாயிக்கு ஆள் விட்டும் கெடைக்கல. அது ஒரு மனக்கொற எனக்கு."

"லைட்டு எப்பிடி மொதலாளி ஒடஞ்சது?"

"பரளச்சிகிட்ட ஒரு புள்ள குறுக்க வந்துருச்சு. ஒடிச்சுத் திருப்பியிருந்தா தப்பிச்சிருக்கும். ஆனா வண்டி பாலத்துச் சொவத்துல போயி மோதியிருக்கும். அம்புட்டு அருமையான வண்டி, எப்பிடித் தம்பி மனசு வரும்?"

"கூட ஒரு பையன் இருந்தானா?"

"இருந்தான். அது கையக் கெட்டியாத்தான் புடிச்சிருந்தான். வண்டி வாரிக்கிட்டுப் போனதுல பிச்சுக்கிட்டுப் போயிருச்சு. அவுகப்பன் நல்ல மனுசன், தகராறு பண்ணல. கெணத்துக்கு அஞ்சு எச்.பி. மோட்டாரு போட்டுக் குடுத்தேன். லாரின்னு எழுதிக் குடுத்துட்டான்."

அந்த மோட்டார் அரசாங்க லோனில் வந்தது என்றுதான் சோலைக்குச் சொல்லியிருந்தார்கள். அது இறைத்த தண்ணீரில்தான் அவன் பத்தாவது வரை படித்தான், அவனுடைய கல்யாணமும் நடந்தது.

"அந்தப் பையன் நாந்தான் மொதலாளி" என்றான்.

கிழவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "அப்பிடியா? மோட்டாரு இன்னும் ஓடுதா?" என்று கேட்டார்.

அந்தக் கழுத்தை நெரிக்க இரண்டு கையும் வேண்டாம், ஒன்றே போதும். சோலை எழுந்து வெளியே வந்துவிட்டான். தெருவில் இறங்கிய பிறகுதான் அழுகை வந்தது. ஆத்திரத்தில் வந்த அழுகை என்றுதான் முதலில் நினைத்தான். கெட்டியாகப் பிடித்திருந்தான் என்று பார்த்தவரே சொல்லிவிட்டாரே, அந்தச் சந்தோஷத்தில் வந்த அழுகை அது. அந்த நேரம் பார்த்துக் கார்த்தீஸ்வரன் போனில் வந்தார். சோலை அழுகைக்கு நடுவில் எல்லாவற்றையும் சொன்னான்.

"அடடா" என்றார் அவர். அடுத்த மூச்சிலேயே, "அப்ப ஒரிஜினல் கலரு செவப்புத்தான்னு உறுதியாயிருச்சுல்லண்ணே? அதையே அடிச்சிருங்க" என்றார்.

சோலை பஸ் ஏறிப் பரளச்சிக்குப் போனான். குருவம்மாள் சுளகில் மல்லி புடைத்துக்கொண்டிருந்தாள். அவன் செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"அம்மா, அது லாரி இல்ல, செவப்புக் காரு. ஜெகதீஸ்வரன் மொதலாளி ஓட்டுனது. அவரே சொல்லிட்டாரும்மா. நான் கைய விடல. கெட்டியாப் புடிச்சிருந்தேனாம்."

"தெரியும்" என்றாள் குருவம்மாள்.

"எது?"

"எல்லாந்தான். அன்னிக்கே அவுக ஆளுக வந்து பேசையில ஒங்க அய்யாகூட நானும் நின்னேன். ஒன் கையில அவ வளையலு குத்தின காயம் இருந்துச்சு. நாந்தான மஞ்சப் பத்துப் போட்டேன்."

சோலை அப்படியே உட்கார்ந்துவிட்டான். "பெறகு எதுக்கும்மா இத்தன வருசமா என்னையப் போட்டு..."

"வேற யாரச் சொல்லச் சொல்ற?" அவள் கை புடைப்பதை நிறுத்தவில்லை. "மொதலாளிய வைய முடியுமா? மோட்டாருத் தண்ணியக் குடிச்சுக்கிட்டு ஒங்க அய்யாவ வைய முடியுமா? என்னைய நானே வஞ்சா சோறு எறங்குமா? நீ சின்னப்பய. ரெண்டு நாளு அழுதுட்டு மறந்துருவன்னு நெனச்சோம்."

"சரிம்மா. போகட்டும். இந்தத் தையிலயாவது நான் துணி வைக்கவா?"

குருவம்மாள் சுளகைக் கீழே வைத்தாள். உண்மையிலேயே யோசித்தாள், அது அவள் முகத்தில் தெரிந்தது.

"அது முடியாதுய்யா. ஒவ்வொரு தையிலயும் ஒன்னையச் சொல்லித்தான அவகிட்ட அழுதிருக்கேன். இப்பப் போயி மாத்திச் சொன்னா அவ என்னைய என்ன நெனப்பா? நல்லகண்ணே வைக்கட்டும். நீ எப்பவும்போலத் துணிய மட்டும் எடுத்துக் குடுத்துரு."