பேரும் ஊரும் கேட்ட ஞாயிறு

காலை ஏழு மணிக்கு வத்தலக்குண்டில் பஸ் மாறி, ஒன்பதரைக்குத் தாண்டிக்குடியில் இறங்கினேன். என் அண்ணன் பாஸ்டராக இருக்கும் ஜெபவீடு அங்கிருந்து மூன்று கிலோமீட்டர். ஜீப்புக்கு முப்பது ரூபாய்.

“வெரசா ஏறுங்கண்ணே, பாட்டு ஆரம்பிச்சிருப்பாங்க” என்றார் டிரைவர்.

காப்பித் தோட்டத்தின் ஓரத்தில் தகரக் கூரை, நாற்பது பேர். பின்வரிசையில் புதிதாக ஒரு பெண். பரமேஸ்வரி என்று மதினி என் காதில் சொன்னார். இலங்கை அகதி முகாமிலிருந்து பழம் பறிக்க வந்தவர். மதினி மூன்று வாரம் கூப்பிட்டும் வராதவர், இன்றுதான் வந்திருந்தார். மதினியின் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

பத்தரை மணிக்கு அண்ணன் வழக்கம்போல, “முதல் தடவையா வந்தவங்க எந்திரிச்சு பேரு, ஊரு சொல்லுங்க” என்றான். சொன்னதும் எல்லோரும் கைதட்டி வரவேற்புப் பாட்டுப் பாடுவார்கள். அந்தப் பாட்டில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

பரமேஸ்வரி எழுந்தார். கைகளை உடம்போடு ஒட்டி, தலை குனிந்து, பேர், முகாம், வீட்டு எண், பதிவு எண் எல்லாம் ஒரே மூச்சில் ஒப்பித்தார். பிறகு பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார்.

“கார்டு இருக்கு சார். முகாம்ல லீவு எழுதிக் குடுத்துட்டுத்தான் வந்தேன்.”

தட்டப்போன கைகள் அப்படியே நின்றன. கேட்டது வரவேற்கத்தான் என்று புரிந்ததும் பரமேஸ்வரி முகம் சிவந்து, பையை எடுத்துக்கொண்டு வெளியேறிவிட்டார்.

மதினி பின்னாலேயே ஓடினார். கொல்லையில், ஆராதனை முடிந்து எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் அன்பின் விருந்துக்குச் சோறு வெந்துகொண்டிருந்தது. நான் போனபோது இருவரும் முறத்தில் மலைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள்.

“முகாம் செக்கிங்ல பேரச் சொன்னா அடுத்து கார்டுதான்க்கா. வாய் பழகிப் போச்சு.”

“தப்பு எங்க மேலதான் தங்கச்சி. இந்தப் பூண்ட உரிங்க, கெடக்கு அது.”

ஒரு மணிக்கு அண்ணன் வந்து, தன் கையாலேயே அவருக்கு இலை போட்டான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவன், “ரசம் ஊத்தவாம்மா?” என்றான்.

“ஊத்துங்க” என்றார் அவர். சாப்பிட்டு முடித்து மதினியிடம், “அடுத்த கெழமை வெள்ளனே சமைக்க வாறேன்க்கா. உள்ள மட்டும் கூப்பிடாதீங்க” என்றார்.

ஆராதனைக்குப் பிந்தி வருபவரையே கடிந்துகொள்ளும் மதினி, “அடுப்படிக்கு வாங்க, போதும்” என்றார். கண் கலங்கியிருந்தது.

இறங்கும் ஜீப்பில் எனக்கும் உறுத்தியது. திண்டுக்கல்லில் எங்கள் மாடிக்குக் குடிவந்தவரிடம் முதல் நாளே பேரும் ஊரும் கேட்டேன். சாப்பிட்டாரா என்று இன்றுவரை கேட்கவில்லை.