தசரதனின் மூன்றாவது பிரதி

ஒரகடம் கூட்ரோட்டில் தசரதன் ஜெராக்ஸ் கடை போட்டது 1991 தொடக்கத்தில். அதற்கு முன் அவன் எந்தக் கம்பெனி கேட்டிலும் எடுபடாத ஆள். போலீஸ் ஸ்டேஷனில் அப்போது மெஷின் கிடையாது. புகார் மனுக்களை நகலெடுக்க ஏட்டு அவன் கடைக்குத்தான் கொண்டுவருவார். இரண்டு பிரதி கேட்பார். அவர் பீடி பற்றவைக்க வெளியே போனதும் தசரதன் மூன்று போடுவான்.

அந்த மூன்றாவது பிரதிதான் அவனைப் பெரிய மனிதனாக்கியது. டெய்லர் ஜீவானந்தமும் பால் சொசைட்டி கோதண்டராமனும் தினம் வந்து, “புதுசா எதனா கீதா?” என்று கேட்பார்கள். காகிதத்தை நீட்டும்போது, வெளியே சொல்லாதீங்க என்பான். எல்லோரிடமும் அதையே சொல்வான். அடுத்தவர் அழுகையை உதட்டசையப் படித்துவிட்டு, அழுதவர்கள் தெருவில் வந்தால் நலம் விசாரிக்கிற சனங்கள்.

வடக்குப்பட்டு மதிவதனி ஒரு கம்பெனியில் பேக்கிங் லைனில் இருந்தாள். ஸ்டோர் ரூமில் கையைப் பிடித்து இழுத்த சூப்பர்வைசர் மேல் ஸ்டேஷனில் மனு கொடுத்தாள். சில நாளில் ஷிப்ட் வேனில் ஏறினாலே அவள் எழுதிய வரிகளைச் சொல்லிச் சிரித்தார்கள். ஸ்டேஷனில் போய்க் கேட்டால், அப்படி ஒரு மனுவே வரவில்லை என்றார்கள். கம்பெனிக்காரன் அதைப் பிடித்துக்கொண்டான்: புகார் கொடுத்ததற்குச் சனிக்கிழமைக்குள் ஆதாரம் காட்டு, இல்லையென்றால் பொய் சொன்னேன் என்று மன்னிப்புக் கடிதம் எழுதிவிட்டு வேலையை விட்டு நின்றுகொள்.

ஆதாரம் எங்கே இருக்கிறதென்று ஊருக்கே தெரியும். நேராகக் கடைக்கு வந்து தன் மனுவில் ஒரு காப்பி கேட்டாள்.

தசரதன் முதலில் இல்லையென்றான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டான். “அதெல்லாம் போலீஸ் ரகசியம்மா. கண்டவங்க கைல குடுக்கக் கூடாது.”

“கண்டவங்கல்லாம் படிச்சாச்சுண்ணா. எழுதினவதான் பாக்கி.”

டெய்லரோடு கடையில் நின்றிருந்த கோதண்டராமன் சைக்கிளை எடுத்துக்கொண்டு நழுவினான். மதிவதனி ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, அங்கேயே நின்றபடி மறுபடி எழுத ஆரம்பித்தாள். எழுத எழுத வாய்விட்டும் சொன்னாள். பாதியில் டெய்லரைப் பார்த்தாள்.

“எதனா வுட்டுட்டா சொல்லுங்கண்ணா. நீங்கதான் ரெண்டு வாட்டி படிச்சீங்களாமே.”

ஜீவானந்தம் தரையைப் பார்த்தான். ஆனால் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க அந்த வாய்க்குப் பழக்கமில்லை. “தேதி வுட்டுட்ட. பதினாலுன்னு இருந்திச்சி. ஸ்டேஷன் முத்திரை கூட கீழ இருந்திச்சே.”

“இன்னா பார்த்தீங்களோ அதை எழுதி கையெழுத்துப் போடுங்கண்ணா.”

“நான் எதுக்குமா?”

“வேற யாரு போடுவா? ஏட்டா?”

தெருவில் நான்கு பேர் நின்றுவிட்டார்கள். ஓடினால் சிரிப்பார்கள் என்ற பயத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டான். நியாயத்துக்காகப் போட்டான் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மதிவதனி காஞ்சிபுரம் பஸ் ஏறினாள். மாவட்டப் போலீஸ் ஆபீசில் புது மனு, டெய்லர் எழுதியது இரண்டையும் வாங்கிக்கொண்டு முத்திரை போட்ட ரசீது கொடுத்தார்கள். சனிக்கிழமை அதைக் கம்பெனி மேஜையில் வைத்தாள். மன்னிப்புக் கடிதப் பேச்சு அத்தோடு நின்றது. போலீஸ் விசாரணைக்கு சூப்பர்வைசரைக் கூப்பிட்டார்கள்.

தசரதன் இப்போதும் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்கிறான்: அந்தப் பொண்ணு மனு எழுத நான்தான் பேனா குடுத்தேன்.