சனிக்கிழமை பத்து மணி, பெண்களுக்கு மட்டும்

போன வாரம் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் போன் செய்தார். பொது நீச்சல் குளத்தில் பெண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்குவது சரியா, தவறா? பேப்பரில் இதைப் பற்றிக் கடிதமாக வந்து குவிகிறது, நீங்கள் மட்டும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டார். ஒரே வார்த்தையில் பதில் வேண்டுமாம்.

நான் தயங்கினேன். அவர் போனை வைத்துவிட்டார்.

தயங்கக் காரணம் இருக்கிறது. ஏழெட்டு வருஷத்துக்கு முன்பு ஜார்ஜ்டவுனில் அப்படி ஒரு நேரத்தைக் கேட்டு வாங்கிய பெண்களில் நானும் ஒருத்தி. எந்தக் குளம் என்பது இப்போது வேண்டாமே...

அங்கே பெண்கள் உடை மாற்றும் அறைக்கும் பம்ப் ரூமுக்கும் நடுவில் வெறும் பலகைச் சுவர்தான். ஒரு நாள் அதில் ஓர் ஓட்டையைப் பார்த்தோம். சோப்பை வைத்து அடைத்தோம். மறுவாரம் சோப்பு எங்கள் பக்கம் கீழே கிடந்தது – யாரோ மறுபக்கத்திலிருந்து குத்தித் தள்ளியிருக்கிறார்கள்.

தையல் கடை வைத்திருந்த ராஜம்மா அக்காதான் கையெழுத்து வாங்கக் கிளம்பினார். நகராண்மைக் கழகத்துக்கு ஒன்றரை வருஷம் நடந்தோம். கடைசியில் கிடைத்தது, சனிக்கிழமை காலை பத்திலிருந்து பதினொன்றரை வரை. காவலாளி உட்பட எல்லா ஆண்களும் கேட்டுக்கு வெளியே. பலகை போய்ச் செங்கல் சுவரும் வந்தது.

ஒன்றரை மணி நேரம் பெரிய விஷயமா? எங்களுக்குப் பெரிய விஷயம்தான். நாற்பது வயதுக்கு மேல் முதன்முதலாகத் தண்ணீரில் முகத்தை வைத்தவர்கள் இருந்தார்கள். பாக்கியம் என்று ஒரு பெண். இருபது வயதிருக்கும். சுங்கை பாக்காப் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து, புக்கிட் தெங்காவில் தொழிற்சாலை வேலை. பஸ், கடலைத் தாண்ட ஃபெர்ரி, தீவில் திரும்பவும் பஸ் என்று அவ்வளவு தூரம் வருவாள். கடைசித் திரைக்குப் பின்னால்தான் உடை மாற்றுவாள். கரையில் பேச்சே கிடையாது. தண்ணீரில் மட்டும் வாய்விட்டுச் சிரிப்பாள்.

இந்தச் சமயத்தில்தான் சிவபாலன் அண்ணன் வந்தார். துறைமுகத்தில் கிளார்க். மனைவி இறந்து நாலு வருஷம். ஒரே மகள் கௌரிக்குப் பதினான்கு வயது. பிறந்ததிலிருந்தே கால்கள் தாங்காது, சக்கர நாற்காலிதான். நீந்தினால் கால்கள் இறுகாமல் இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அதுவரை அவளை ஆண்கள் அறைக்குத் தூக்கிப்போய்த்தான் உடை மாற்றிவிட்டிருக்கிறார். வேறு எங்கே போவார்? ஒரு நாள் கௌரி, “அப்பா, இனி அங்க வேண்டாம்” என்றிருக்கிறாள். அத்தோடு நீச்சல் நின்றுபோனது.

சனிக்கிழமைகளில் மகளோடு பெண்கள் அறைக்குள் வர அனுமதி வேண்டும், பத்து நிமிஷம் போதும் என்று எங்களிடம் கேட்டார். பேசி முடிவெடுக்கக் கூடினோம். பாதிப் பேர் விடலாம் என்றோம். நானும் அந்தப் பக்கம்தான். ராஜம்மா அக்கா குரலை உயர்த்தவே இல்லை.

“இவரு நல்லவரு, எனக்குத் தெரியும். அடுத்து வர்றவரு நல்லவருன்னு யாரு பாத்துச் சொல்றது? டிக்கெட் கிழிக்கிறவரா?”

முடிவில் ஓர் ஏற்பாடு செய்தோம். அவர் கேட்டிலேயே நிற்பார். வாரம் இரண்டு பேர் முறை வைத்து கௌரியைத் தூக்கி, உடை மாற்றி, தண்ணீரில் இறக்குவோம். மூன்று மாதம் நன்றாகவே நடந்தது.

பிறகு ஒரு சனிக்கிழமை நல்ல மழை. அன்று முறை எனக்கும் இன்னொரு பெண்ணுக்கும். அவள் வரவில்லை. ராஜம்மா அக்கா ஒரு கல்யாணத்துக்கு ஈப்போ போயிருந்தார். உள்ளே இருந்தது வயதான இரண்டு பேரும் பாக்கியமும்தான். நீந்தி முடித்த கௌரியை எப்படியோ பெஞ்சு வரைக்கும் கொண்டுவந்துவிட்டேன். உட்காரவைக்கும்போது ஈரத் தரையில் சரிந்து விழுந்துவிட்டாள். பாதம் பெஞ்சுக்கு அடியில் மடங்கிக்கொண்டது. குளிரில் நடுங்கி அழுதாள். என்னால் அவளைத் தூக்க முடியவில்லை.

அழுகை கேட்டு சிவபாலன் அண்ணன் அறை வாசல் வரை ஓடி வந்துவிட்டார். அங்கேயே நின்றார்.

“தங்கச்சி, நீங்கள் சொன்னால் வாறன். இல்லாட்டி இஞ்சயே நிக்கிறன்.”

நான் உள்ளே திரும்பி, அவர் வரலாமா என்று சத்தமாகக் கேட்டேன். வயதானவர்கள் இருவரும் துண்டைப் போர்த்திக்கொண்டு, வரச் சொல் என்றார்கள். கடைசித் திரைக்குப் பின்னாலிருந்து பதில் இல்லை. பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அவர் தரையைப் பார்த்தபடியே வந்தார். மகளைத் தூக்கி நாற்காலியில் வைத்தார். போய்விட்டார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. கௌரியின் காலுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அவர் போனதும் பாக்கியம் வெளியே வந்தாள். ஈர உடைக்கு மேலேயே சட்டையைப் போட்டிருந்தாள். யாரையும் பார்க்காமல் மழையில் இறங்கிப் போனாள்.

ராஜம்மா அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. அடுத்த சனிக்கிழமையும் அதற்கடுத்த சனிக்கிழமையும், “பாக்கியம் எங்க?” என்று மட்டும் கேட்டார்.

விஷயம் வெளியே கசிந்தது. தினமும் அந்தக் குளத்தில் நீந்தும் வக்கீல் ஒருவருக்கு எங்கள் நேரம் ஆரம்பத்திலிருந்தே உறுத்தல். எல்லார் வரிப்பணத்திலும் நடக்கும் குளத்தில் ஆண்களை எந்தச் சட்டப்படி தடுக்கலாம் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான், இல்லையா? இப்போது அவருக்கு ஒரு சாட்சியும் கிடைத்துவிட்டது. அவர்களே ஓர் ஆணை உள்ளே விட்டார்கள், பிறகு என்ன விதி என்று கழகத்துக்கு எழுதினார். சிவபாலன் அண்ணன் வீட்டுக்கே போய், கௌரி பெயரில் வழக்குப் போடலாம், தானே இலவசமாக நடத்துகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார்.

அண்ணன் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார். பிறகு என்னிடம் சொன்னார்: “என்ர பிள்ளையக் காட்டி மற்றப் பிள்ளையளின்ர நேரத்தைப் பறிக்க நான் விடன்.”

அவரே கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். கேட்டை ஒட்டி, துடைப்பமும் குளோரின் வாளியும் போட்டு வைக்கிற ஓர் அறை உண்டு. அதைக் காலி செய்து, உள்ளே தாழ்ப்பாள் வைத்துக் கொடுத்தால் போதும் என்று கேட்டிருந்தார். அதற்கு எட்டு மாதம் ஆனது. அதுவரை ராஜம்மா அக்கா முறையை மூன்று பேராக்கினார். அறை கிடைத்த பிறகு அப்பாவே உடை மாற்றிவிட்டார், நாங்கள் நாற்காலியைக் குளத்துக்குத் தள்ளிப்போனோம். எங்கள் நேரத்தையும் கழகம் எடுக்கவில்லை. கௌரி இப்போது யார் துணையும் இல்லாமல் குளத்தின் அகலத்தைக் கடக்கிறாள்.

தனி இடம் வேண்டும் என்பவர்கள் மனதில் ஒரு பெண் இருக்கிறாள். விதிவிலக்கு வேண்டும் என்பவர்கள் மனதிலும் ஒரு பெண் இருக்கிறாள். என் சங்கடம், எனக்கு இரண்டு பேரையுமே தெரியும்.

பாக்கியத்தைப் போன வருஷம் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. நானே போய் மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கு உன் பதிலுக்குக் காத்திருக்காதது என் தப்பு என்றேன். அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“எனக்குக் கோவமெல்லாம் இல்லக்கா. ஃபேக்டரில நான் பெட்டி தூக்குற வேலதானே பாத்தேன்... என்னைய ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா, அந்தப் பிள்ளைய நானே தூக்கியிருப்பேன்.”

அவரை உள்ளே விடலாமா என்று கேட்கத் தெரிந்த எனக்கு, ‘பாக்கியம், கொஞ்சம் கை கொடு’ என்று கூப்பிடத் தோன்றவே இல்லை.