கழுவிய டேங்க்

விடிந்ததும் சிரட்டையைப் புரட்டினால், அதன் அடியில் ஓடில்லாத நத்தைகள் குளிர்ந்து, கொழகொழவென்று ஒன்றின்மேல் ஒன்றாய் ஒட்டிக் கிடக்கும். விரலில் பட்ட அந்தப் பசை சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் லேசில் போகாது. எல்கடுவைக்கு ஏறும் வழியில் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அம்மா ‘புள்ளக்காம்பரா’ ஆயாவாக இருந்தார். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் தங்கள் சின்னப் பிள்ளைகளை விட்டுச்செல்லும் இடம் அது. அதன் சுவரோரம் அம்மா ஸ்ட்ராபெரி வளர்த்தார். பழம் மண்ணில் படாதிருக்க வைக்கோல் பரப்பி, கொண்டைக்குருவிகளைத் தடுக்கப் கொசுவுக்குக் கட்டும் பழைய நுளம்பு வலையைக் கட்டி, மாலையில் சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்து, காலையில் அடியில் சேர்ந்த நத்தைகளை உப்புத் தண்ணீரில் உதறுவார். தோட்டத்துக்கு மருந்தடிக்கும் மருதை அண்ணன் அதைப் பார்த்துச் சிரிப்பார்.

“என்னாக்கா, நத்தைக்கும் நீங்கதான் ஆயாவா?”

“சிரிடா, சிரி. ஒம் மக செல்விதான் மொதப் பழத்தப் புடுங்குறவ. புள்ளைங்க வாயில போறதுக்கு நான் மருந்தடிக்க மாட்டேன்.”

அந்த வருடம் மழை விட்டதும் இலைகளின் அடியில் அசுவுணிப் பூச்சி அப்பியது. அம்மா வேப்பெண்ணெயையும் துணி துவைக்கும் சவர்க்காரத்தையும் கரைத்து விளக்குமாற்றால் தெளித்துப் பார்த்தார். அது இலையின் அடிப்பக்கத்துக்கு எட்டவில்லை. மருதை அண்ணன் முதுகில் மாட்டும் தன் மருந்து டேங்கைக் கொண்டுவந்து, “ஒங்க மருந்தையே ஊத்துங்கக்கா, நான் அடிச்சுத் தாறேன். டேங்க ரெண்டு தடவ கழுவிட்டேன்” என்றார். அம்மாவுக்கும் அது சரியாகவே பட்டது.

காலையில் அடித்தார்கள். தன் கையால் கரைத்ததுதானே என்ற நம்பிக்கையில், மதியம் அம்மா வலையைத் தூக்கிவிட்டார். பிள்ளைகள் பறித்துப் பறித்துத் தின்றார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த நானும் தின்றேன். கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போன அம்மா பாத்தியருகே அப்படியே நின்றுவிட்டார். இலைகளின் ஓரமெல்லாம் வெந்நீர் ஊற்றியதுபோல் வெந்திருந்தது. டேங்கின் குழாயில் தங்கியிருந்த, களையைக் கருக்கும் ‘புல்லு மருந்து’ அது.

கொழுந்து லொறியில் எங்களை ஏற்றினார்கள். மலையிலிருந்து ஓடிவந்த தாய்மார் கூடையைக்கூட இறக்காமல் லொறியைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். வளைவுக்கு வளைவு அம்மா ஒவ்வொரு பிள்ளையாக நாக்கை நீட்டச் சொல்லி, வெந்திருக்கிறதா என்று பார்த்தார். என் நாக்கை எப்போது பார்ப்பார் என்று நான் காத்திருந்தேன். செல்வியை மடியில் வைத்திருந்த மருதை அண்ணன், “கழுவினேன்க்கா, நெசமா கழுவினேன்” என்றே திரும்பத் திரும்பச் சொன்னார்.

“நீ கழுவுனதும் நெசந்தான், அது போகாததும் நெசந்தான். புள்ளயப் புடி” என்றார் அம்மா.

மாத்தளை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து, மறுநாள் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அம்மா செடிகளை வேரோடு பிடுங்கிப் புதைத்தார்.

இப்போது நான் மலையிறங்கி வந்து குடியிருக்கும் பலாபத்வலவில், என் மகள் ஆசைப்பட்டுக் கேட்ட ஸ்ட்ராபெரி சட்டிகளில் வளர்கிறது. இந்தச் சூட்டில் அது காய்ப்பதே பெரிய காரியம். தெளிப்பதற்குப் புதுப் போத்தல்தான் வாங்கினேன். ஆனாலும் அதைத் தொட மனம் வராமல், அசுவுணியை ஈரத்துணியால் இலை இலையாகத் துடைக்கிறேன், நத்தையைக் கையால் பொறுக்குகிறேன், சந்தைப் பழமென்றால் கழுவியதையே திரும்பக் கழுவுகிறேன். செடியிலிருந்து பறித்த கையோடு வாயில் போட்டுக்கொள்ளும் அந்தக் கவலையற்ற அவசரம் என் தலைமுறையோடு போய்விட்டது என்று நினைத்திருந்தேன். அதைப் போகச் செய்தவர்களில் நானும் ஒருத்தி என்று தெரியாமல் இருந்தேன்.

நேற்று முதல் பழம் சிவந்தது. மகள் பறித்தாள், வாயருகே கொண்டுபோனாள், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

“நீங்க மொதல்ல சாப்பிடுங்கம்மா.”

பாதியைக் கடித்தேன். புளிப்பு. நான் விழுங்கி முடிக்கும்வரை அவள் மீதிப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.